பனித்துளையும் பம்புசெட் கிணறும்

மீன் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலேயே முப்பத்தைந்து வருஷம் தூண்டில் போட்டிருக்கிறேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிற கண்மாய்களில், மடைகளில், மலையடிவாரத் தோப்புக் கிணறுகளில். தக்கை அசையவில்லை என்றால் "இன்னைக்கு இங்க மீன் இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டு இடம் மாறுவோம். எங்க அப்பா அப்படித்தான் சொன்னார், அவருக்குத் தூண்டில் கட்டிக் கொடுத்த அவருடைய மாமாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்தப் பேச்சு தப்பு என்பது போன பிப்ரவரியில், கனடாவில் உறைந்து கிடந்த ஒரு ஏரியின்மேல் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மகள் குடியிருப்பது ஒன்டாரியோ மாகாணத்தில் பாரி என்கிற ஊரில். டொரண்டோவுக்கு வடக்கே. ஊர் சிம்கோ ஏரிக் கரையிலேயே இருக்கிறது. எழுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, ஆழமான இடத்தில் 40 மீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்வதையே பெரிய காட்சியாகப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கு அது கடல். குளிர்காலத்தில் அந்தக் கடல் தரையாகிவிடுகிறது. ஜனங்கள் அதன்மேல் நடந்து போகிறார்கள், ஸ்னோமொபைலில் போகிறார்கள், சின்னச் சின்னக் குடிசைகளை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, பனியில் துளை போட்டு உள்ளே உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்கள்.

முதலில் கால் வைக்கவே மனசு வரவில்லை. "மாமா, நாலு அங்குலம் கெட்டியான பனி இருந்தாலே ஆள் நடக்கலாம். இங்க ஒரு அடிக்கு மேல இருக்கு, நேத்தே அளந்து பார்த்திருக்காங்க" என்றார் மாப்பிள்ளை. இருந்தாலும் அது சத்தம் போடுகிறது. பழைய வீட்டு உத்தரம் முறிகிற மாதிரி ஒரு முனகல் காலுக்கடியில் ஆரம்பித்து எங்கேயோ தூரத்தில் போய் முடியும். பனி விரிந்து சுருங்குகிற சத்தம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். வந்தவர்களுக்கெல்லாம் மீன்பிடி உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த எனக்கும் தனியாக எடுத்த பிறகுதான் தூண்டிலைத் தொட விட்டார். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

குடிசைக்குள்ளே ஒரு காஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆளுயரத் திருகாணி மாதிரி ஒன்றை வைத்து மாப்பிள்ளை துளை போட்டார். எட்டு அங்குல அகலம். மேலே வந்த பனித்தூளை, நம்ம வீட்டில் வடை எடுக்கிற ஜல்லிக்கரண்டி மாதிரியே ஒன்றால் அள்ளி அள்ளிக் கொட்டினார். கீழே கறுப்பாகத் தண்ணீர். நாலடி தள்ளி இன்னொரு துளை. முதல் துளையில் தூண்டில், இரண்டாவதில் கேமரா.

கேமரா என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன உருண்டை, மீன் மாதிரி வால் துடுப்பு வைத்தது. அதிலிருந்து 15 மீட்டர் நீளக் கேபிள். மேலே ஏழு அங்குலத் திரை. அவ்வளவுதான். இதெல்லாம் ரொம்பப் பழைய சங்கதியும் இல்லை; அமெரிக்காவில் மினசோட்டாக்காரர்கள் 1990-களின் கடைசியில் அக்வா-வியூ என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார்களாம். அதுவரைக்கும் பனிமேல் உட்கார்ந்தவர்களும் நம்மைப் போலத்தான், குருட்டு நம்பிக்கையில் காத்திருந்தவர்கள். ஒலியலையை அனுப்பிக் கீழே ஏதோ இருக்கிறது என்று காட்டுகிற சோனார் கருவி முன்பே உண்டு. ஆனால் அது கோடுதான் காட்டும். அந்தக் கோடு எந்த மீன், என்ன செய்கிறது என்று காட்டாது.

திரையில் முதலில் பச்சை கலந்த சாம்பல் நிறம். கேபிள் முறுக்கு அவிழ அவிழ கேமரா மெதுவாகச் சுற்றியது. ஒரு இடத்தில் எங்கள் தூண்டில் முள் தெரிந்தது, ஏரியின் அடித்தரைக்கு ஒரு சாண் மேலே. மாப்பிள்ளை கேபிளை லேசாகத் திருகி, முள் நடுவில் வருகிற மாதிரி நிறுத்தினார்.

பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. ஊராக இருந்தால் எழுந்திருப்பேன்.

அப்புறம் ஓரத்திலிருந்து ஒரு மூக்கு. பிறகு மஞ்சள் உடம்பு, அதில் கறுப்புப் பட்டைகள், வயிற்றுப் பக்கத் துடுப்பில் ஆரஞ்சு நிறம். யெல்லோ பெர்ச். ஒன்று, மூன்று, ஆறு. முள்ளைச் சுற்றி வந்து நின்றன. ஒன்று பக்கத்தில் வந்து, முள்ளுக்கு நேராக முகத்தை வைத்து, துடுப்பை மட்டும் அசைத்துக்கொண்டு அப்படியே நின்றது. பெண் பார்க்க வந்த வீட்டுப் பெரியவர் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பாரே, அப்படி. பிறகு திரும்பிப் போய்விட்டது. என் கையில் இருந்த தூண்டிலில் ஒரு சின்ன அசைவுகூடத் தெரியவில்லை. ஆறு மீன் வந்து பார்த்துவிட்டுப் போனது என் கைக்குத் தெரியாது. திரை மட்டும் இல்லையென்றால் "மீன் இல்லை" என்று சத்தியம் செய்திருப்பேன்.

பக்கத்துக் குடிசையில் ஸ்கார்பரோவிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று. தமிழ்ச் சத்தம் கேட்டு அந்த வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "மீன் வந்து பார்க்குது அண்ணை, ஆனா கடிக்குதில்லை. நீங்கள் ஆட்டுறது கூடிப்போச்சு" என்றார். அவர் பதினைந்து குளிர்காலம் அந்த ஏரியில் உட்கார்ந்தவர். நான் பதற்றத்தில் தூண்டிலைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை முள் துள்ளும்போதும் திரையில் மீன்கள் ஒரு முழம் பின்வாங்கியதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். கையை அப்படியே நிறுத்தினேன். முள் அசையாமல் தொங்கியது. ஒரு மீன் திரும்பி வந்தது. வாயைத் திறந்து முள்ளை உள்ளே இழுத்தது, உடனே வெளியே துப்பியது. இழுத்ததும் துப்பியதும் சேர்ந்து அரை நொடி இருக்காது. அதுவும் என் கைக்குத் தெரியவில்லை.

இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். மீன் தூண்டிலைக் கடித்து இழுத்துக்கொண்டு ஓடும் என்று நினைத்திருந்தோம். பல நேரம் அது வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சுகிறது. பிடிக்கவில்லை என்றால் துப்பிவிடுகிறது. குளிர்ந்த தண்ணீரில் அதன் உடம்பும் குளிர்ந்து கிடக்கிறது, ஓடி இரை பிடிக்கச் சக்தி செலவழிக்காது. அதனால்தான் அவர்கள் சின்ன முள், மெல்லிய நரம்பு, வில் போல் வளைகிற சிறு கம்பி முனை எல்லாம் வைத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது பெர்ச் எடுத்தோம். எல்லாமே திரையைப் பார்த்து, உறிஞ்சுகிற கணத்தில் சுண்டி எடுத்தது. திரையில் அரை அடி தெரிந்த மீன் கைக்கு வந்தபோது கொஞ்சம் குறைந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் காற்று என்றால் உள்ளே இருப்பது மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். நம் கிணற்றில் தரை பக்கத்தில் இருப்பது போலத் தோன்றுமே, அதே கணக்கு.

கேமராவுக்கு அங்கே இவ்வளவு தெரிவதற்குக் காரணம் கேமரா மட்டும் இல்லை. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும்; அதைவிடக் குளிர்ந்தது மேலே ஏறி உறைந்துவிடுகிறது. மேலே பனி மூடி போட்டுவிட்டால் காற்று உள்ளே புகாது, அலை இல்லை, அடி வண்டல் கிளம்பாது. ஓடை வழியாக மண் வருவதும் குறைந்துவிடும். வெளிச்சம் குறைவதால் பாசியும் குறையும். அதோடு, சீப்ரா மஸல் என்கிற அயல்நாட்டுச் சிப்பி 1990-களில் அந்த ஏரியில் பரவி, தண்ணீரை வடிகட்டி வடிகட்டித் தெளிய வைத்திருக்கிறது. தெளிவு என்றால் நல்லது என்று நாம் நினைப்போம். அந்தச் சிப்பி குடிக்கிற நுண்ணுயிர்தான் மீன் குஞ்சுக்கும் சாப்பாடு. அதனால் அங்கேயே அது ஒரு கவலை.

மார்ச் கடைசியில் ஊர் திரும்பும்போது மாப்பிள்ளை பழைய கேமரா ஒன்றைப் பெட்டியில் வைத்துவிட்டார். பங்குனி வெயிலில், ஒரு கண்மாயில், மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் கேட்டுக்கொண்டு, மடைப் பக்கம் இறக்கினேன். திரையில் டீ. பால் கூடிய டீ. கேமராவுக்கு முன்னால் என் கையை நீட்டினேன், விரல் தெரியவில்லை. விளக்கைப் போட்டேன், இன்னும் மோசம். கொடைக்கானல் மூடுபனியில் ஹெட்லைட்டைத் தூக்கிப் போட்ட மாதிரி, வெளிச்சம் மிதக்கிற தூசியில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது. குத்தகைக்காரர் சிரிக்காமல், அக்கறையோடு சொன்னார்: "அண்ணாச்சி, மிர்கால் கிடக்கிற தண்ணி தெளியாது. அது நாளெல்லாம் சேத்தைக் கிண்டிக்கிட்டே இருக்கும்."

அவர் சொன்னது சரிதான். கண்மாய் என்பது ஆழமில்லாத, அகலமான பாத்திரம். மேற்கே மலை இடைவெளியில் வருகிற காற்று ஒரு தட்டுத் தட்டினால் அடிவண்டல் மேலே வரும். மாடு இறங்கும். அடியில் மேய்கிற மிர்காலும் சாதாக் கெண்டையும் சேற்றை உழும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீன் குழி தோண்டி முட்டையிடும். கோடையில் தண்ணீர் இறங்கியதும் உள்வாயில் தட்டுத் தட்டாக வட்டக் குழிகள் தெரியுமே, அவை ஆண் ஜிலேபி தோண்டியவை. இதில் எதுவும் கண்மாய்க்கு நோய் இல்லை. வண்டல்தான் வயலுக்கு உரம், வண்டல்தான் மீனுக்குச் சோறு. கண்மாயில் விராலைத் தேடிப் போகிறவனுக்குக் கண்ணைவிடக் காதும் காலும்தான் உதவும். ஊத்தாவை எடுத்துக்கொண்டு இறங்குகிற ஆள் காலால் மீனைப் பார்க்கிறான்.

தெளிந்த தண்ணீர் வேண்டுமென்றால் மலை இருக்கிறது. அய்யனார் கோயில் ஆற்றிலும் செண்பகத்தோப்பிலும் கூழாங்கல்லை எண்ணலாம். ஆனால் அதெல்லாம் காடு. 1988-லிருந்து சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. அங்கே தூண்டிலும் போடக் கூடாது, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கவும் கூடாது. அந்த மீன்கள் அப்படியே இருக்கட்டும்.

அப்போதுதான் ஒரு பழைய நினைவு வந்தது. சில வருஷம் முன்னால் எங்கள் மாந்தோப்பு போர்வெல்லில் மோட்டார் சிக்கிக்கொண்டது. போர்வெல் கேமரா வைத்திருக்கிற பையன் ஒருவன் வந்தான். சக்கரத்தில் சுற்றிய கேபிள், நுனியில் உருளைக் கேமரா, அதைச் சுற்றி வட்டமாக எல்.இ.டி. ஆறரை அங்குலக் குழிக்குள் அதை இறக்கிக்கொண்டே திரையைக் காட்டினான். கேசிங் பைப் முடிந்ததும் பாறை. அடுக்கு அடுக்காக, ஈரமாக, ஏதோ மிருகத்தின் தொண்டைக்குள் போகிற மாதிரி. ஒரு இடத்தில் நிறுத்தினான். "அண்ணாச்சி, இந்தா பாருங்க, ஊத்து." வெடிப்பிலிருந்து கண்ணாடி நூல் மாதிரி தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அந்தத் தோப்பை நாற்பது வருஷமாகக் காப்பாற்றுகிற தண்ணீரை அன்றைக்குத்தான் முகத்துக்கு முகம் பார்த்தேன். எங்க அம்மா திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

எட்டு அங்குலத் துளை, ஆறரை அங்குலத் துளை. சிம்கோவில் செய்ததை இங்கே ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம், மீனுக்காக இல்லை, ஊற்றுக்காக. இரண்டுக்கும் நடுவில் மீனும் ஊற்றும் சேர்ந்து இருக்கிற இடம் ஒன்று நம்மிடம் உண்டு. பம்புசெட் கிணறு.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையை வெடி வைத்து உடைத்து இறக்கியவை. சதுரம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள். நாலு பக்கமும் சுவர் இருப்பதால் காற்று இறங்காது. மாடு இறங்காது. மோட்டார் ஓடாத நாளில் தண்ணீர் அசையவே அசையாது. பனி மூடிய ஏரிக்கு நம் ஊரில் இதுதான் இணை. சித்திரை முதல் வாரம், சித்தப்பா மகன் தோட்டத்துக் கிணற்றில், அவன் மோட்டாரை நிறுத்தி இரண்டு நாள் ஆன பிறகு, உச்சி வெயில் நேராக உள்ளே விழுகிற பன்னிரண்டு மணிக்கு இறக்கினேன். இந்த நேரக் கணக்கு முக்கியம். காலையில் ஒரு பக்கச் சுவரின் நிழல் பாதிக் கிணற்றை மறைத்துவிடும்.

திரை பச்சையாகத் தெளிந்தது. நானும் அவனும் வாய் பேசாமல் நின்றோம்.

முதலில் சுவர். வெடி மருந்து வைக்கத் துளைத்த ஜம்பர் குழிகளின் கோடு அப்படியே இருந்தது, அவங்க தாத்தா காலத்தில் யாரோ ஒருவர் கையால் அடித்தது. அந்தக் குழிகளில் சின்னக் கெண்டைகள் புகுந்து புகுந்து வந்தன. கீழே போகப் போக ஜிலேபிக் கூட்டம். கேமராவைக் கண்டதும் முதலில் விலகி, இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து கண்ணாடியைக் கொத்த ஆரம்பித்தன. அடியில் ஒரு பழைய வாளி, இரும்புச் சகடை ஒன்று, தேங்காய் மட்டைகள். மட்டைகளுக்கு நடுவில் கரிய உடம்பு ஒன்று. விரால். ஒன்றரை முழம் இருக்கும். அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து எந்த அவசரமும் இல்லாமல் நேராக மேலே ஏறியது. நான் திரையை விட்டுவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்தில் 'பொளக்' என்று ஒரு வாய் காற்று வாங்கியது. மறுபடி திரையைப் பார்த்தால் அதே மட்டைகளுக்கு நடுவில் அதே இடத்தில் வந்து படுத்திருந்தது. விரால் காற்றை வாயால் குடிக்கிற மீன் என்பது எனக்கும் தெரியும். அந்தப் போக்கையும் வரவையும் கீழேயிருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

தூண்டிலும் போட்டுப் பார்த்தோம். நான் வழக்கமாகப் போடுகிற தடித்த தங்கூசி, பெரிய முள், ஒரு முழு மண்புழு. ஜிலேபிகள் புழுவின் தொங்கலை மட்டும் இழுத்துத் தின்றுவிட்டு முள்ளை விட்டுவிட்டன. தக்கை ஒருமுறைகூட மூழ்கவில்லை, லேசாக நடுங்கியது. இத்தனை வருஷம் அந்த நடுக்கத்தை "பொடி மீன் கொத்துது" என்று ஒதுக்கியிருக்கிறேன். கொத்தியது பொடி இல்லை, உள்ளங்கை அகல மீன்கள். முள்ளைச் சின்னதாக்கி, புழுவை அரை விரற்கடை அளவுக்கு நறுக்கி, ஈயக்குண்டைப் பாதியாகக் குறைத்தோம். நடுங்கும்போதே சுண்டினோம். ஏழு ஜிலேபி. விராலுக்குத் தூண்டில் போடவில்லை. அது அந்தக் கிணற்றுக்குச் சொந்தம் என்று எனக்குத் தோன்றியது, தம்பிக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும்.

நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால் சில விஷயங்கள். கேமராவை வேகமாக இறக்கி அடியில் இடிக்காதீர்கள். ஒரு முறை வண்டல் கிளம்பினால் அரை மணி நேரம் போச்சு. தூண்டிலும் கேபிளும் ஒரே மூலையில் வேண்டாம். மீன் மாட்டியதும் அது ஓடிப் போய்க் கேபிளைச் சுற்றிக்கொள்ளும். ஒருவர் தூண்டிலை இழுக்கும்போது இன்னொருவர் கேமராவைத் தூக்கிவிட வேண்டும். கேமராவில் இருக்கிற அகச்சிவப்பு விளக்கை நம்பாதீர்கள், அந்த ஒளியைத் தண்ணீர் சீக்கிரம் விழுங்கிவிடும், ஒரு கை நீளத்துக்கு மேல் போகாது. கிணற்றுக்குச் சொந்தக்காரரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். தனியாகவும் போகாதீர்கள். பாசி பிடித்த கல் படி எத்தனை பேரை வாங்கியிருக்கிறது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கேமரா வைத்துப் பிடிப்பது மீனுக்குச் செய்கிற அநியாயம் இல்லையா என்று மகள் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். திரையைப் பார்க்க ஆரம்பித்த பிறகு நான் எடுக்கிற மீன் கூடவில்லை, குறைந்திருக்கிறது. ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு அதே கிணற்றில் மறுபடி இறக்கினோம். கொஞ்சம் கலங்கல்தான். இருந்தாலும் மேல்மட்டத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கூட்டம் தெரிந்தது, நூற்றுக்கணக்கில் விரால் குஞ்சு. அதற்கு அடியில், ஒரு முழ இடைவெளியில், தாயும் தகப்பனும். கேமரா பக்கம் வந்ததும் ஒன்று நேராகப் பாய்ந்து கண்ணாடியில் முட்டியது. சின்ன வயசில் கண்மாயில் இந்தக் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தால், நடுவில் தவளையைக் கட்டி இறக்கி, காவலுக்கு நிற்கிற மீனை எடுப்போம். சுலபமான வேட்டை. அது என்ன காரியம் என்று அந்த முட்டலைப் பார்த்த பிறகு புரிந்தது. இனி செய்யமாட்டேன். நீங்களும் குஞ்சோடு நிற்கிற விராலை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பைபாஸ் ஓரமும் தோப்பு ஓரமும் எத்தனை பழைய கிணறுகளில் குப்பை கொட்டி மூடுகிறார்கள் என்று வண்டியில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். போர்வெல் வந்துவிட்டது, கிணறு எதற்கு, இடமாவது மிஞ்சட்டும் என்கிறார்கள். கட்டட இடிபாடு, பிளாஸ்டிக், கோழிக்கடைக் கழிவு. மேலிருந்து பார்த்தால் கறுப்புத் தண்ணீர்தான் தெரியும், உள்ளே ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். நானும் முப்பத்தைந்து வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் தோட்டத்துக் கிணற்றை மூடுவதாக முடிவு செய்திருந்தால், முதல் லாரி மண் வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, எங்கே இருந்தாலும் சரி. கேமராவோடு வருகிறேன். மோட்டாரை மட்டும் இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள்.